கெளுத்தி முள் குத்திய கை

கமலவல்லியின் இடது கையில் இப்போது மூன்று விரல்கள்தான். மீன் வாங்க வருகிறவர்கள் முதலில் மீனைப் பார்ப்பார்கள், அப்புறம் கையைப் பார்ப்பார்கள், அப்புறம் விலை கேட்பார்கள். அவளுக்கு அது பழகிவிட்டது.

தரங்கம்பாடிதான் ஊர். கணவன் உலகநாதன் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவன். ஒரே மகள் ஆர்த்தி மயிலாடுதுறையில் கல்லூரி படிக்கிறாள். விடிந்தும் விடியாமலும் கரையில் ஏலம் எடுத்து, ஐஸ் பெட்டியை டிவிஎஸ் வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு, ஆக்கூர் பக்கத்து நெல் கிராமங்களில் தெருத்தெருவாக விற்பது கமலவல்லியின் வேலை. பதினாறு வருஷமாக இதே பாதை. எந்த வீட்டில் சங்கரா கேட்பார்கள், எந்த வீட்டில் இறாலைக் கண்டால் முகத்தைத் திருப்புவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வைகாசி. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன. ஃபைபர் படகுகள் கரையை ஒட்டி வலைவிட்டுக் கொண்டுவந்ததுதான் மீன். அன்றைக்குக் கெளுத்திதான் அதிகம். ஆக்கூரில் அம்சம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள். அம்சமும் அவள் கணவன் வீரையனும் ஒரு காலத்தில் ஊரார் வயலில் கூலிக்கு நட்டவர்கள். இப்போது ஒன்றரை ஏக்கர் சொந்த நிலம். மாங்காய் போட்டுக் கெளுத்திக் குழம்பு வைப்பது அம்சத்துக்கு ரொம்ப இஷ்டம்.

"பெருசா ஒண்ணு எடு கமலா."

பெட்டிக்குள் இடது கையை விட்டுத் துழாவியபோது சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கையில் முள் ஏறியது. கெளுத்தியின் பக்கவாட்டு முள் ரம்பம் மாதிரி பல் வைத்தது, உள்ளே போனால் வெளியே வரும்போது கிழித்துக்கொண்டுதான் வரும். கமலவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு முள்ளைப் பிடுங்கினாள். கரையில் எல்லாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். பெட்டியின் அடியில் தேங்கிக் கிடந்த ஐஸ் தண்ணீரில் கையை முக்கி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் மரத்துப்போனது. மீனை நிறுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போனாள்.

மத்தியானம் வீடு வந்தபோது கை தெறித்தது. கெளுத்தி குத்தினால் வலிக்கத்தான் செய்யும் என்று சோறு பொங்கினாள். சாயங்காலம் உடம்பு அனலாகக் கொதித்தது. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்தாள்.

மறுநாள் காலை மணிக்கட்டு வரை வீங்கியிருந்தது. பார்வைக்கு ஒன்றும் பெரிதாக இல்லை, தோல் கொஞ்சம் சிவந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் வலி அந்தச் சிவப்புக்குச் சம்பந்தமே இல்லாத வலியாக இருந்தது. ஆர்த்தியைப் பெற்றபோதுகூட வாயைத் திறக்காதவள், போர்வை நுனி பட்டதற்குக் கத்தினாள். பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில், "கெளுத்தி விஷம், இறங்கிடும்" என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். இறங்கவில்லை. பதினோரு மணிக்கு முழங்கை வரை ஏறியிருந்தது. புறங்கையில் நாவல்பழ நிறத்தில் கொப்புளங்கள் கிளம்பின. ஆர்த்திதான் 108-க்குப் போன் செய்தாள். மயிலாடுதுறை ஆஸ்பத்திரியில் கையைப் பார்த்த உடனே குளுக்கோஸ் ஏற்றி, அதே வண்டியில் தஞ்சாவூருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பயணத்தில் கமலவல்லிக்கு நினைவு பாதி இருந்தது, பாதி இல்லை. கும்பகோணம் தாண்டும்போது தாகம் எடுத்தது மட்டும் ஞாபகம். தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் நடந்ததை ஆர்த்தி சொல்லித்தான் பின்னால் தெரிந்துகொண்டாள்.

இளம் டாக்டர் ஒருவர் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாராம். "என்ன வேலை செய்றாங்க?"

"வியாபாரம்ங்க" என்று உலகநாதன் சொல்லியிருக்கிறான். பெரிய ஊரில் வந்து மீன் என்று சொல்ல அவனுக்கு ஏனோ கூச்சம்.

ஆர்த்தி குறுக்கிட்டாள். "மீன் வியாபாரம் டாக்டர். நேத்துக் காலைல கெளுத்தி முள் குத்துச்சு."

"குளத்து மீனா, கடல் மீனா?"

"கடல் மீன்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். நர்ஸிடம் இன்னொரு மருந்தின் பெயரைச் சொல்லி அதையும் சேர்த்து உடனே போடச் சொன்னார். ஆபரேஷன் தியேட்டருக்குத் தகவல் போனது. அப்புறம் உலகநாதனைத் தனியாக அழைத்து நிதானமாக விளக்கினார்.

"தோலுக்கு அடியில, சதைக்கு மேல ஒரு உறை மாதிரி இருக்கும். கிருமி அது வழியாப் பரவுது. வெளியில கொஞ்சமாத் தெரியும், உள்ள வேகமாப் போயிட்டிருக்கும். மருந்து மட்டும் போதாது. செத்த சதைக்கு ரத்தம் போகாது, ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. அந்த இடத்தை வெட்டி எடுத்தே ஆகணும். கையைக் காப்பாத்தப் பார்க்கிறோம். முதல்ல ஆளைக் காப்பாத்தணும்."

உலகநாதன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

மூன்று ஆபரேஷன். முதல் நாளே சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் போயின. மறுநாள் மறுபடி திறந்து பார்த்து இன்னும் கொஞ்சம் சதையை எடுத்தார்கள். புண் சுத்தமான பிறகு தொடையிலிருந்து தோலை உரித்து முன்கையில் ஒட்டினார்கள். கமலவல்லிக்கு முழு நினைவு திரும்பிய அன்று, கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார்கள். எத்தனை விரல் என்று அவள் கேட்கவில்லை. கட்டின் வடிவத்திலேயே தெரிந்துவிட்டது. கட்டிலோரச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு அரை மணி நேரம் அழுதாள். அப்புறம் எழுந்து இட்லி கேட்டாள்.

ரத்தப் பரிசோதனையில் இரண்டு விஷயம் தெரிந்தது. அவளுக்குச் சர்க்கரை இருந்தது. கல்லீரலும் கெட்டிருந்தது, எப்போதோ வந்த மஞ்சள் காமாலை முழுசாகப் போகாமல் உள்ளேயே தங்கியிருந்தது. இரண்டுமே அவளுக்கு அதுவரை தெரியாது.

மூன்றாவது வாரம் கட்டில் அருகே ஒரு பெண் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர் எழில்மொழி. கிருமிகளை ஆராயும் ஆய்வகத்தில் வேலை. திருவிடைமருதூர் பக்கத்தில் ஒரு கிராமம். முப்பத்தைந்து வயதிருக்கும், மெல்லிய உருவம், கையில் தடித்த நோட்டு.

"உங்க கையிலேர்ந்து எடுத்த கிருமியை நான்தான் வளர்த்துப் பார்த்தேம்மா. கடல் தண்ணியில இருக்கற கிருமி. வெயில் காலத்துல, தண்ணி சூடா இருக்கறப்ப பெருகும்."

"சதை தின்னுற கிருமின்னு பக்கத்துக் கட்டில்ல சொன்னாங்க."

"பேப்பர்ல அப்படித்தான் போடுவாங்க. அது எதையும் தின்னல. வளர்றப்ப நஞ்சு விடும், அந்த நஞ்சு சதையைச் சாகடிக்குது. இந்தக் கிருமி மட்டும் இல்ல, வேற சில கிருமியும் இப்படிச் செய்யும். உங்க ஊர்ல எல்லார் கையிலயும் இது படுது. எல்லாருக்கும் இப்படி ஆகறதில்ல. சர்க்கரை, கல்லீரல் கோளாறு இருக்கறவங்களைத்தான் இது சாய்க்குது."

கமலவல்லி யோசித்தாள். "நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"தப்புன்னு சொல்ல வரல. முள் குத்தின உடனே என்ன செஞ்சீங்க?"

"ஐஸ் தண்ணியில முக்கினேன்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "எந்த ஐஸ் தண்ணி?"

"பெட்டியில உருகின தண்ணிதான். எல்லாரும் அதான் செய்வோம்."

எழில்மொழி அதை எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். மீனைக் கழுவிய தண்ணீர், மீனின் வழவழப்பு, ஐஸ் எல்லாம் சேர்ந்த அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று இதுவரை தான் பார்த்ததில்லை என்றார்.

முப்பத்து நான்கு நாள் கழித்து வீடு திரும்பினாள். ஆவணியில் மறுபடி வண்டியை எடுத்தாள். கிராமங்களில் கை என்னாச்சு என்று கேட்டார்கள். "வண்டிச் செயின்ல மாட்டிக்கிச்சு" என்று சொன்னாள். எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள், மீனும் வாங்கினார்கள். உண்மையைச் சொன்னால் வாங்குவார்களா என்பதை நினைத்துப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

எழில்மொழி தரங்கம்பாடிக்கு வந்தபோது அந்தப் பயம் கரையில் எல்லாருக்கும் இருப்பது தெரிந்தது. இரண்டு வருஷத்துக்குப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை கடல் தண்ணீர், பெட்டித் தண்ணீர், மீன் தோல் ஆகியவற்றிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும் என்றார். எந்த மாதத்தில், எந்தத் தண்ணீரில் கிருமி அதிகம் என்று தெரிந்தால் தடுக்க வழி பார்க்கலாம் என்றார். ஏலக் கூடத்தில் பெண்கள் வட்டமாக நின்று கேட்டார்கள். பேச்சு முடிந்ததும் ஈஸ்வரி முன்னால் வந்தாள். மீன் விற்கும் பெண்களில் மூத்தவள். அவள் சரி என்றால்தான் மற்றவர்களும் சரி என்பார்கள்.

"மீன்ல கிருமின்னு ஒரு பேச்சு வெளியில போச்சுன்னா நாளைக்கு எவனும் வாங்க மாட்டான் டாக்டரம்மா" என்றாள். அப்புறம் கமலவல்லி பக்கம் திரும்பினாள். "உன் கை போனது எனக்கும் வருத்தந்தான் கமலா. அதுக்காக எங்க வயித்துல அடிக்காத."

எழில்மொழி வெறும் கையோடு தஞ்சாவூருக்குத் திரும்பினார்.

அந்த மாதக் கடைசியில் குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்தது. மெஷின் இறங்காத வயல் மூலைகளை அம்சம் கதிர் அரிவாளால் அறுத்துவிட்டு வந்திருந்தாள். கட்டைவிரலில் நல்ல வெட்டு. ஒரு துணியைச் சுற்றியிருந்தாள், துணி ஈரமாக இருந்தது. கமலவல்லி வாசலில் வண்டியை நிறுத்தியதும் மீனைத் தானே பொறுக்கப் பெட்டிக்குள் கையை நீட்டினாள். கமலவல்லி தன்னையறியாமல் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"என்ன கமலா?"

"கையை விடாதீங்கக்கா. புண்ணு இருக்கு."

"இது ஒரு புண்ணா?"

கமலவல்லி இடது கையைத் தூக்கிக் காட்டினாள். "இது செயின்ல மாட்டினது இல்லக்கா. உங்க வாசல்ல கெளுத்தி குத்துச்சே, அன்னிக்கு வந்தது." கொப்புளம், தியேட்டர், கிருமி, ஐஸ் தண்ணீர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். தெருவில் நின்ற மற்ற பெண்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அம்சம் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "அப்ப குழம்பு வச்சுச் சாப்பிடறது?"

"கொதிச்சா கிருமி செத்துடும். சாப்பிடறதுல ஒண்ணும் இல்ல. பச்சை மீனைப் புண்ணோட தொடக்கூடாது, அவ்வளவுதான். சர்க்கரைக்காரங்க ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்."

அம்சம் பெட்டியைப் பார்த்தாள். "சரி, நீயே எடுத்துப் போடு. வெட்டியும் குடுத்துடு."

அன்றைக்கு அந்தத் தெருவில் இரண்டு வீடு மீன் வாங்காமல் உள்ளே போயின. மற்றவர்கள் வாங்கினார்கள், நிறையக் கேள்வி கேட்டார்கள். அந்த வாரம் முழுக்கக் கமலவல்லி எல்லா ஊரிலும் உண்மையையே சொன்னாள். சனிக்கிழமை ஈஸ்வரியைத் தேடிப் போனாள்.

"நான் சொல்லிட்டேன்க்கா. ஆக்கூர்ல ரெண்டு வீடு நின்னுச்சு. மிச்சப் பேர் வாங்கறாங்க. வெட்டிக் குடுன்னு கேக்கறாங்க, அவ்வளவுதான்."

ஈஸ்வரி நெடுநேரம் வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். "ஊர் பேர் எங்கயும் வரக்கூடாது" என்றாள் கடைசியில். "அதை எழுதித் தரச் சொல்லு."

எழில்மொழி எழுதித் தந்தார். ஆய்வு தொடங்கியது.

மாதிரி எடுக்கும் வேலை கமலவல்லிக்கே வந்தது. பாட்டிலில் தேதியும் தண்ணீரின் சூடும் எழுதி ஒட்டி, குளிர்பெட்டியில் வைத்துத் தஞ்சாவூருக்கு அனுப்ப வேண்டும். முதல் மாதம் இரண்டு பாட்டிலில் தேதி மாற்றி எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டாள். அப்புறம் தப்பு வரவில்லை.

இரண்டாம் வருஷம் கையுறை வந்தது. கரையில் மீன் விற்கும் நாற்பத்திரண்டு பெண்களுக்கும் தடித்த ரப்பர் உறை இரண்டு ஜோடி. ஒரு மாதம் கழித்து எழில்மொழி வந்து பார்த்தபோது போட்டிருந்தவர்கள் நாலே பேர். மற்றதெல்லாம் வீட்டில் தொங்கின. எழில்மொழிக்கு முகம் வாடிவிட்டது.

"ஏம்மா போட மாட்டேங்கறாங்க?"

"கத்தி வழுக்குது. செதில் எடுக்க முடியல. போன் எடுக்க முடியல" என்றாள் கமலவல்லி. "ரெண்டு கைக்கும் ஏன் குடுக்கறீங்க? வலது கையில கத்தி இருக்கும். முள் குத்தறது மீனைப் பிடிக்கிற கையிலதான். இடது கைக்கு மட்டும் குடுங்க. ரப்பர் வேணாம், கத்தி இறங்காத துணி உறை இருக்குதாமே, அதைக் குடுத்து மேல மெல்லிசா ஒண்ணு மாட்டச் சொல்லுங்க."

எழில்மொழி தன் இரண்டு கைகளையும் நீட்டி, இல்லாத மீனைப் பிடித்து வெட்டுவதுபோல் செய்து பார்த்தார். "இது எனக்குத் தோணவே இல்ல" என்றார். அடுத்த முறை இடது கை உறை மட்டும் வந்தது. பாதிப் பேருக்கு மேல் போட்டார்கள். எல்லாரும் போடவில்லை.

பங்குனி பிறந்ததும் ஒரு நாள் ஈஸ்வரி கமலவல்லி வீட்டுக்குப் பின்வாசல் வழியாக வந்தாள். முந்தானையால் மூடியிருந்த கையை எடுத்துக் காட்டினாள். உள்ளங்கையில் சின்னக் குத்து, சுற்றிலும் சிவப்பு.

"எப்ப குத்துச்சு?"

"காலைல. இறால் கொம்பு. ரொம்ப வலிக்குது கமலா, பார்த்தா ஒண்ணுமே தெரியல."

ஈஸ்வரிக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. கமலவல்லி பேனாவை எடுத்துச் சிவப்பின் ஓரத்தில் கோடு போட்டாள், பக்கத்தில் மணியையும் எழுதினாள். அப்படிச் செய்தால் சிவப்பு நகர்கிறதா என்று தெரியும் என்று எழில்மொழி சொல்லிக்கொடுத்திருந்தார். சோப்பு போட்டுக் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டாள். முக்கால் மணி நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை போயிருந்தது. உலகநாதன் ஆட்டோ பிடித்து வந்தான். ஆஸ்பத்திரி வாசலிலேயே ஈஸ்வரி சொன்னாள்: "கடல் மீன் வியாபாரம். இறால் குத்துச்சு. சர்க்கரை இருக்கு." வழியெல்லாம் கமலவல்லி அதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

மூன்று நாள் ஊசி. கத்தி வைக்க வேண்டியிருக்கவில்லை. நாலாம் நாள் வீக்கம் வடிந்து ஈஸ்வரி வீடு வந்துவிட்டாள். கரையில் கேட்டவர்களிடம், "சும்மா வீக்கம், ஊசி போட்டாங்க" என்றாள். கமலவல்லிக்கு முதலில் கொஞ்சம் கோபம் வந்தது. தன் பெயரைச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. எழில்மொழியிடம் போனில் அதைச் சொன்னபோது அவர் சிரித்தார்.

"அது அந்தக் கிருமிதானான்னு எனக்கே தெரியாதும்மா. மருந்து போட்ட பிறகு எடுத்த ரத்தத்துல ஒண்ணும் வளரல. நாம தடுத்தோம்னு நான் எழுத முடியாது. தடுத்துட்டா இப்படித்தான், ஒண்ணும் நடந்திருக்காது. நடக்காததை எப்படிக் காட்டறது?"

கமலவல்லி அன்று முழுக்க அதை நினைத்துக்கொண்டே வண்டி ஓட்டினாள்.

இரண்டு வருஷக் கணக்கை எழில்மொழி ஏலக் கூடத்துச் சுவரில் படமாகக் காட்டினார். சித்திரை, வைகாசியில் கிருமி ஏறியது. அது எதிர்பார்த்ததுதான். ஆற்று வெள்ளம் கடலில் கலந்து உப்புக் குறைந்த நாட்களிலும், தண்ணீர் சூடாக இருந்தால் ஏறியது. கடல் தண்ணீரைவிடப் பெட்டியின் அடித்தண்ணீரில் பல தடவை அதிகமாக இருந்தது. வெயில் ஏறி ஐஸ் கரைந்த பெட்டிகளில்தான் அது. பெட்டியின் அடியில் ஓட்டை போட்டுத் தண்ணீரை வடியவிட்ட பெட்டிகளில் குறைவு. ஒரு கரையின் கணக்கு இது, வேறு இடங்களிலும் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லலாம் என்றார்.

பின்வரிசையில் இருந்து ஒரு பெண் கேட்டாள். "இதுக்குத் தடுப்பூசி வராதா டாக்டரம்மா?"

"இப்ப இல்லம்மா. உலகத்துல சிலர் முயற்சி பண்றாங்க. எப்ப வரும்னு சொன்னா பொய் சொன்னதா ஆகிடும்."

அந்தப் பதில் பெண்களுக்குப் பிடித்திருந்தது என்று கமலவல்லிக்குத் தோன்றியது. கலைந்து போகும்போது நிறையப் பேர் பெட்டியில் ஓட்டை எந்த அளவில் போடுவது என்று பேசிக்கொண்டு போனார்கள். ஈஸ்வரி மட்டும் பின்தங்கி, எழில்மொழியிடம் தன் சர்க்கரை அளவைச் சொல்லி அது அதிகமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கமலவல்லியின் முன்கையில் ஒட்டிய தோல் குளிர்காலத்தில் இழுக்கும், தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வாள். கனமான பெட்டியை இறக்க அவளால் முடியாது, வாங்குகிறவர்கள் ஒரு பக்கம் பிடிப்பார்கள். மாத்திரையைத் தவறவிடுவதில்லை. அடுத்த ஆய்வு வேறு கரைகளுக்கும் போகிறது, அங்கே பெண்களிடம் பேச வரச் சொல்லி எழில்மொழி கேட்டிருக்கிறார். போகலாம் என்றுதான் நினைக்கிறாள். மேடையில் பேசிப் பழக்கம்தான் இல்லை.

இந்தச் சித்திரையில் தண்ணீரின் சூடு முப்பத்தொரு டிகிரியைத் தாண்டிய காலை, வண்டியைப் புளியமரத்து நிழலில் நிறுத்திவிட்டு, கரைப் பெண்களின் குழுவுக்குப் போனில் பேசி அனுப்பினாள்.

"நான் கமலா பேசறேன். தண்ணி சூடாகிடுச்சு. கையில கீறல் இருக்கறவங்க இன்னிக்குப் பெட்டியில கை விடாதீங்க. குத்திடுச்சுன்னா சோப்பு போட்டுக் கழுவுங்க. பார்க்கறதைவிட வலி அதிகமா இருந்தா வீட்டுல உட்கார்ந்திருக்காதீங்க. ஆஸ்பத்திரியில கடல் மீன்னு சொல்லுங்க, கேக்காட்டியும் சொல்லுங்க."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு, ஆக்கூர்ச் சாலையில் வண்டியை எடுத்தாள். அன்றைக்கு நல்ல சங்கரா கிடைத்திருந்தது.